இயற்கைப் பெப்டைடிலிருந்து புற்றுநோய் மருந்து: பிரித்தறியும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது?

பெப்டைடு ஆய்வகத்தில் சில ஆண்டுகள் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. முனைவர் பட்டத்துக்குச் சேரும் மாணவர் ஒருவர் கையில் ஒரு கட்டுரையுடன் வருவார். ஏதோ ஒரு குளவியின் நஞ்சிலிருந்தோ தவளையின் தோலிலிருந்தோ பிரித்தெடுத்த பெப்டைடு (அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்த சிறு புரதத் துண்டு) புற்றுநோய்ச் செல்களை மட்டும் கொன்று, இயல்பான செல்களை விட்டுவைக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். இதையே மருந்தாக வளர்த்தெடுக்கலாமா என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு விடை சொல்லுமுன் வேறொரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. புற்றுச்செல்லை இயல்பான செல்லிலிருந்து பிரித்தறியும் வேலையை யார் செய்யப் போகிறார்கள்? பெப்டைடே செய்யுமா, மருத்துவரின் ஊசி செய்யுமா, குறிப்பிட்ட இலக்கை மட்டும் பற்றும் நோயெதிர்ப்புப் புரதமான எதிர்ப்பொருள் பெப்டைடைச் சுமந்து சென்று செய்யுமா, அல்லது புற்றுச்செல்லின் வாழ்க்கை முறையே அதைக் காட்டிக்கொடுக்குமா? நோயாளியின் படுக்கைவரை வந்துசேர்ந்த பெப்டைடுகளையும் வழியிலேயே நின்றுபோனவற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, அவற்றின் விதியைத் தீர்மானித்தது பெரும்பாலும் இந்த ஒரு தேர்வுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தேர்வுகளை ஒவ்வொன்றாக எடை போடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெப்டைடு தானாகவே பிரித்தறியும் என்ற வாதத்திலிருந்து தொடங்குவோம். அது வெறும் கற்பனை அன்று. செல்லைச் சுற்றியுள்ள சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது. இயல்பான செல்லில் பாஸ்பாடிடைல்செரின் என்ற எதிர்மின்சுமை கொண்ட கொழுப்பு உள்ளடுக்கிலேயே இருத்தப்படுகிறது. அது தவறி வெளியடுக்குக்கு வந்தால், பிடித்து உள்ளே திருப்பிவிடுவதற்கென்றே, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து ஓயாமல் உழைக்கும் நொதிகள் இருக்கின்றன. புற்றுச்செல்லில் இந்த ஒழுங்கு குலைந்து, அக்கொழுப்பில் ஒரு பகுதி வெளியே தெரியத் தொடங்குகிறது. அதனுடன் சயாலிக் அமிலம் தாங்கிய மியூசின்கள், ஹெபரான் சல்பேட்டு ஆகிய சர்க்கரை செறிந்த பொருள்களும் மேற்பரப்பில் கூடிவிடுவதால், புற்றுச்செல்லின் வெளிமுகம் கூடுதலான எதிர்மின்சுமையைப் பெறுகிறது. லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் நிறைந்து நேர்மின்சுமையுடன் திரியும் சிறு பெப்டைடுகள் அதன்மீது சென்று ஒட்டுகின்றன. ஒட்டியபின் அவை ஒருபுறம் நீரையும் மறுபுறம் கொழுப்பையும் நாடும் சுருளாக மடிந்து சவ்வைத் துளைக்கின்றன.

உயிரினங்கள் இந்தப் பெப்டைடுகளை உருவாக்கி வைத்திருப்பது புற்றுநோயை நினைத்து அன்று. பாக்டீரியாவின் சவ்வும் எதிர்மின்சுமை கொண்டது என்பதால்தான். அறுவை செய்து அழுக்குத் தொட்டியில் விட்ட தவளைகளின் காயங்கள் ஏன் சீழ்பிடிக்கவில்லை என்ற வியப்பிலிருந்து புறப்பட்டு, 1987இல் மைக்கேல் ஜாஸ்லாஃப் ஆப்பிரிக்க நகத்தவளையின் தோலில் 23 அமினோ அமிலங்கள் கொண்ட மகைனின்களைக் கண்டறிந்தார். இவை எந்த ஏற்பியையும் (செல்லின் மேற்பரப்பில் குறிப்பிட்ட பொருளை மட்டும் பற்றும் புரதம்) தேடிப் போவதில்லை, சவ்வையே தாக்குகின்றன என்பதற்கு 1990இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெரிஃபீல்டின் குழு அழகான சான்று ஒன்றைத் தந்தது. செக்ரோபின், மகைனின், தேனீ நஞ்சின் மெலிட்டின் ஆகியவற்றை, இயற்கை பயன்படுத்தும் அமினோ அமிலங்களின் கண்ணாடிப் பிம்பங்களைக் கொண்டே முழுவதுமாகத் தொகுத்து, அவற்றைப் பாக்டீரியாவின்மீது விட்டுப் பார்த்தார்கள். பூட்டும் சாவியும் போல ஒரு ஏற்பியில் பொருந்தித்தான் பெப்டைடு வேலை செய்கிறது என்றால், கண்ணாடிப் பிம்பம் பயனற்றுப் போயிருக்க வேண்டும். அது அசலைப் போலவே கொன்றது. கூடவே, புரதத்தை அறுக்கும் நொதிகளுக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. இன்றும் நஞ்சுப் பெப்டைடுகளின் ஆயுளை நீட்ட விரும்புகிறவர்கள் முதலில் கைவைக்கும் உத்தி இதுதான்.

2015இல் லீட்ஸ் பல்கலைக்கழகமும் பிரேசிலின் சா பாலோ மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, பிரேசில் குளவி ஒன்றின் நஞ்சிலுள்ள 14 அமினோ அமிலப் பெப்டைடை எடுத்துக்கொண்டு இதையே அளந்து காட்டியது. செயற்கைச் சவ்வில் பாஸ்பாடிடைல்செரின் சேர்க்கப்பட்டபோது பெப்டைடு ஒட்டுவது ஏழெட்டு மடங்கு கூடியது. வெளியடுக்கில் பாஸ்பாடிடைல்எத்தனோலமைனும் சேர்ந்திருந்தால் சவ்வின் ஓட்டைகள் இருபது முப்பது மடங்கு பெரிதாயின. ஏழெட்டு மடங்கு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வேதியியலாளருக்கு அது மகிழ்ச்சியான எண். மருந்தியலாளருக்குப் போதாத எண். புற்றுச்செல்லின் வெளியடுக்கில் தெரியும் பாஸ்பாடிடைல்செரினே மொத்தக் கொழுப்பில் சில சதவீதம்தான். தூண்டப்பட்ட ரத்தத் தட்டணுக்களும், இயல்பாகவே ஆயுள் முடிந்து மடியும் செல்களும் அதே கொழுப்பை வெளியே காட்டுகின்றன. ஆக, பெப்டைடின் முன்னால் இருப்பது மதில் அன்று, மெல்லிய சரிவு. நிதானமாக ஊற்றினால் நீர் சரியான பக்கம் ஓடும். சற்று வேகமாக ஊற்றினால் இருபக்கமும் வழியும்.

அது எப்படி வழிகிறது என்பதை எந்த ஆய்வகத்திலும் ஒரு பிற்பகலில் பார்த்துவிடலாம். 96 குழிகள் கொண்ட ஞெகிழித் தட்டில், கழுவி எடுத்த சிவப்பணுக்களைச் சமமாக இட்டு, பெப்டைடின் அளவை ஒவ்வொரு குழிக்கும் பாதியாகக் குறைத்துக்கொண்டே சேர்த்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துப் பின் சுழற்றுவார்கள். அணுக்கள் பிழைத்த குழியில் அவை அடியில் ஒரு சிவப்புப் பொத்தானாகப் படிந்து, மேலே நீர் தெளிந்து நிற்கும். சிதைந்த குழியில் பொத்தான் இருக்காது. குழி முழுவதும் செம்பருத்திப் பூவை ஊறவைத்த நீரைப் போலிருக்கும். மெலிட்டினை வைத்துச் செய்தால், புற்றுச்செல்களைக் கொல்லும் அதே சில மைக்ரோமோலார் செறிவில் இந்தச் சிவப்பும் வந்துவிடும். தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் மாணவரின் முகமும் அப்போதே மாறிவிடும்.

மெலிட்டினைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் செய்திகளில் அதிகம் அடிபட்டது அதுவே. அது 26 அமினோ அமிலங்கள் கொண்டது. தேனீயின் உலர்ந்த நஞ்சில் ஏறக்குறைய பாதி அதுதான். 2020இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள ஹாரி பெர்கின்ஸ் ஆய்வு நிறுவனத்தில் கியாரா டஃபி தலைமையேற்று நடத்திய ஆய்வு, பெர்த்திலிருந்தும் அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்தும் சேகரித்த 312 தேனீக்கள், பம்பிள் ஈக்கள் ஆகியவற்றின் நஞ்சை மார்பகப் புற்றுச்செல்கள்மீது சோதித்தது. மருந்துகளுக்கு எளிதில் அடங்காத மும்மை எதிர்மறை வகைச் செல்களைத் தேனீ நஞ்சு விரைவாகக் கொன்றது. மெலிட்டின் இல்லாத பம்பிள் ஈ நஞ்சு ஒன்றும் செய்யவில்லை. ஆய்வு நேர்மையானது. செய்தித்தாள்களில் அது "தேனீ நஞ்சு மார்பகப் புற்றுநோயைக் குணமாக்குகிறது" என்று சுருங்கியதுதான் சிக்கல். அந்த ஆய்வாளர்களே மெலிட்டினின் முனையில் புற்றுச்செல்லின் ஏற்பிகளை நாடும் ஒரு சிறு வரிசையை ஒட்டிச் சோதித்தார்கள் என்பதை எத்தனை செய்திகள் சொல்லின? பெப்டைடின் சொந்தப் பிரித்தறிவு போதாது, அதற்கு முகவரி ஒன்று எழுதித் தர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

இத்தகைய பெப்டைடை அப்படியே ரத்தக் குழாயில் செலுத்துவதுதான் முதல் தேர்வு. மாணவர் மனத்தில் இருப்பது அநேகமாக இதுவே. எளிதில் கைவிட மனம் வராததும் இதுவே. ரத்தத்துக்குள் நுழைந்தவுடன் நேர்மின்சுமைப் பெப்டைடு பிளாஸ்மாப் புரதங்களிலும் லிப்போபுரதங்களிலும் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சியதை நொதிகள் அறுக்கின்றன. அதிலும் தப்பியதைச் சிறுநீரகம் வடிகட்டுகிறது. ஆகவே கட்டியைப் போதிய அளவு எட்ட வேண்டுமானால் செலுத்தும் அளவைக் கூட்ட வேண்டும். கூட்டும்போது சரிவின் இருபக்கமும் வழிகிறது. நறுமண வயலட் செடியிலிருந்து கிடைக்கும் சைக்ளோவயோலசின் ஓ2 என்ற வளையப் பெப்டைடின் அனுபவம் இதற்குத் துல்லியமான சான்று. இது சைக்ளோடைடு வகையைச் சேர்ந்தது; நம் வேலிகளில் படரும் சங்குப்பூக் கொடியும் இதே வகைப் பெப்டைடுகளை உருவாக்குகிறது. தலையும் வாலும் இணைந்து, மூன்று கந்தகப் பிணைப்புகளால் முடிச்சிடப்பட்ட அமைப்பு என்பதால், கொதிக்கவைத்தாலும் நொதியில் இட்டாலும் எளிதில் குலையாது. நொதிச் சிக்கல் தீர்ந்தது என்றே பலரும் எண்ணினர். சோதனைத் தட்டில் புற்றுச்செல்களை அது நன்றாகவே கொன்றது. சுண்டெலிகளில் கட்டியை அடக்கும் பயன் குறிப்பிடும்படி தென்படவில்லை. அதைவிட முக்கியமாக, கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் வரை எலிகள் எந்த அறிகுறியுமின்றி இருந்தன, 2 மில்லிகிராமில் விரைவாக மடிந்தன. பயனுக்கும் மரணத்துக்கும் இடையே மருத்துவர் ஒருவர் நின்று யோசிக்க இடமே இல்லாத மருந்து அது. அதனால் இத்தேர்வை நான் பரிந்துரைக்க மாட்டேன்; சவ்வுத் துளைப்பைக் கற்றுக்கொள்ள நல்ல மாதிரி என்பதற்கு மேல் அதில் எதிர்பார்ப்பு வைப்பது வீண்.

அதே சவ்வைத் துளைக்கும் பெப்டைடை, கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்துவது இரண்டாவது தேர்வு. இங்கே பிரித்தறியும் வேலையைச் செய்வது மருத்துவரின் கண்ணும் ஊசிமுனையும்தான். கேட்பதற்கு அறிவியல் நுட்பம் குறைந்த வழிபோல் தோன்றினாலும், என் மதிப்பீட்டில் இது மிகவும் குறைத்து மதிக்கப்பட்ட வழி. பசும்பாலின் லாக்டோஃபெரின் புரதத்தைப் பெப்சின் என்ற வயிற்று நொதி வெட்டும்போது லாக்டோஃபெரிசின் என்ற 25 அமினோ அமிலத் துண்டு கிடைக்கிறது. நார்வேயின் வடகோடியிலுள்ள டிராம்சோவில், ஆய்வாளர்கள் இந்தத் துண்டை முன்மாதிரியாக வைத்துப் படிப்படியாகச் சுருக்கி, வெறும் ஒன்பது அலகுகள் கொண்ட எல்டிஎக்ஸ்-315 என்ற பெப்டைடை உருவாக்கினார்கள். ஒன்பதில் ஐந்து லைசின்; மூன்று டிரிப்டோபேன்; எஞ்சிய ஒன்று இயற்கையில் இல்லாத, பருத்த அமினோ அமிலம். மின்சுமையும் கொழுப்பு நாட்டமும் தவிர மற்ற எல்லாவற்றையும் செதுக்கித் தள்ளிவிட்டார்கள் என்று சொல்லலாம்.

இந்த வழியின் உண்மையான ஆதாயம் செல்லைக் கொல்வதில் இல்லை, கொல்லும் விதத்தில் இருக்கிறது. கீமோதெரபி மருந்துகள் பலவற்றால் செல் அமைதியாகச் சுருங்கி மடிகிறது. அருகிலுள்ள நோயெதிர்ப்பு செல்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எல்டிஎக்ஸ்-315 செல்லுக்குள் புகுந்து மைட்டோகாண்டிரியாவையும் குலைத்து, செல் வெடித்துச் சிதறும்படி செய்கிறது. அப்போது ஏடிபி, சைட்டோகுரோம் சி, எச்எம்ஜிபி1 போன்ற, உள்ளே இருக்க வேண்டிய பொருள்கள் வெளியே கொட்டுகின்றன. அவை நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அபாயமணி. அவற்றுடன் சேர்ந்து அந்தக் கட்டிக்கே உரிய புரதங்களும் வெளியாவதால், டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் கட்டிக்குள் நுழைந்து இலக்கைக் கற்றுக்கொள்கின்றன. அடித்தளச் செல் தோல் புற்றுநோயில் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவுகள் 2024இல் அறிவிக்கப்பட்டபோது, ஊசி செலுத்தப்பட்ட கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் புற்றுச்செல்லே எஞ்சவில்லை என்று திசுப் பரிசோதனை காட்டியது.

குறைகளும் வெளிப்படையானவை. ஊசி எட்டாத கட்டிக்கு இது உதவாது. பல இடங்களில் பரவிவிட்ட நோயில், ஊசிபடாத கட்டிகளும் சுருங்க வேண்டுமென்றால் நோயெதிர்ப்பு மண்டலத்தின் தயவை நம்ப வேண்டியிருக்கிறது. செலுத்தும்போது முகம் சிவப்பது, ரத்த அழுத்தம் தற்காலிகமாகத் தாழ்வது, சிலரிடம் ஒவ்வாமை போன்றவையும் பதிவாகியுள்ளன. நம் உடலே உருவாக்கும் எல்எல்-37 என்ற இதே குடும்பப் பெப்டைடு, சில புற்றுநோய்களில் கட்டி வளரத் துணைபோகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. இயற்கையானது என்பதால் நம் பக்கம் நிற்கும் என்று எந்தப் பெப்டைடும் எழுதிக் கொடுக்கவில்லை.

மூன்றாவது தேர்வில், பிரித்தறியும் பொறுப்பு பெப்டைடிடமிருந்து முழுவதுமாகப் பிடுங்கி எதிர்ப்பொருளிடம் கொடுக்கப்படுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ராபர்ட் பெட்டிட், இந்தியப் பெருங்கடலின் மொரீசியசு கரையிலிருந்து எடுத்த, கடல்முயல் என்ற கடல் நத்தைகளில் டோலஸ்டாட்டின் 10 என்ற பெப்டைடைப் பிரித்து, 1987இல் அதன் அமைப்பை வெளியிட்டார். ஐந்து அலகுகளே கொண்ட அது, செல் பிளவின்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்கள் உருவாகாதபடி தடுக்கிறது. கடல்முயல் அதைத் தானே தயாரிக்கவில்லை, தான் மேயும் நீலப்பச்சைப் பாசியிலிருந்து பெறுகிறது என்பது 2001இல் தெரியவந்தது. இப்பெப்டைடுக்கு வீரியத்தில் குறைவே இல்லை. பிரித்தறிவு மட்டும் அறவே இல்லை. நோயாளிகளுக்கு அப்படியே கொடுத்துப் பார்த்தபோது, எலும்பு மஜ்ஜையையும் நரம்புகளையும் வாட்டிய அளவுக்குக் கட்டியை அது வாட்டவில்லை. தனி மருந்தாக அதன் கதை அத்துடன் முடிந்தது.

அதன்பின் நடந்தது இந்தத் துறையின் மிகச் சிறந்த திருப்பம். டோலஸ்டாட்டினைச் சிறிது மாற்றி எம்எம்ஏஇ என்ற வடிவில் தொகுத்து, ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் செல்கள் தாங்கும் சிடி30 என்ற குறியைப் பற்றும் எதிர்ப்பொருளில், ஒன்றுக்குச் சராசரியாக நான்கு வீதம் கோத்தார்கள். கோத்த கயிறு வேலின், சிட்ருலின் என்ற இரண்டு அமினோ அமிலங்களால் ஆனது. ரத்தத்தில் அந்தக் கயிறு அறுபடுவது அரிது. எதிர்ப்பொருளைச் செல் விழுங்கி, தன் செரிமானப் பையான லைசோசோமுக்குள் கொண்டுபோனபின், அங்குள்ள கதெப்சின் நொதி அதை அறுக்கிறது; நஞ்சு அப்போதுதான் விடுதலையாகிறது. பிரென்டுக்சிமாப் வெடோட்டின் என்ற பெயரில் இது 2011 ஆகஸ்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பின்னர் முற்றிய நிலை ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கான வழக்கமான நான்கு மருந்துக் கூட்டில் பிளியோமைசினை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இதைச் சேர்த்து நடத்திய பெரிய சோதனையில், ஆறு ஆண்டுகளில் உயிருடன் இருந்தவர்கள் 93.9 சதவீதம், பழைய கூட்டைப் பெற்றவர்களில் 89.4 சதவீதம். பிளியோமைசினும் ஒரு பெப்டைடுதான் என்பது இங்கே சுவையான செய்தி: 1960களில் ஜப்பானின் ஹமாவோ உமேசாவா மண் நுண்ணுயிரிலிருந்து எடுத்தது அது. முகவரி இல்லாத ஓர் இயற்கைப் பெப்டைடின் நாற்காலியில், முகவரி பெற்ற இன்னோர் இயற்கைப் பெப்டைடின் வாரிசு வந்து அமர்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நுரையீரல் பாதிக்கப்படும் என்பதால், ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று கூடாது என்ற தடையும் உண்டு.

முடிவெடுக்கிறவர் கவனிக்க வேண்டியது இத்தேர்வின் விலை. எதிர்ப்பொருள் தயாரிப்பு, கோக்கும் வேதியியல், ஒவ்வொரு தொகுப்பிலும் எத்தனை நஞ்சு ஏறியிருக்கிறது என்ற தரக்கட்டுப்பாடு ஆகிய மூன்றும் சிறிய ஆய்வகத்தின் கைக்கு எட்டாதவை. கசியும் எம்எம்ஏஇ விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும் நரம்புப் பாதிப்பும் முற்றிலும் நீங்கவில்லை. ஆனால் பெப்டைடிடம் வீரியம் மட்டும் இருந்து பிரித்தறிவு சிறிதும் இல்லையென்றால், அதைக் கைவிடுமுன் நினைவுகூர வேண்டியது டோலஸ்டாட்டினைத்தான்.

நான்காவது தேர்வு மேற்சொன்னதைத் தலைகீழாக்குகிறது. இங்கே பெப்டைடு கொல்வதே இல்லை. வழி மட்டும் காட்டுகிறது. 1973இல் ரோஜர் கியமெனின் ஆய்வகம் செம்மறியாட்டின் மூளையிலிருந்து பிரித்த சோமாடோஸ்டாட்டின் என்ற 14 அமினோ அமில ஹார்மோன், ரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். ஏற்பியில் பொருந்தும் நான்கு அமினோ அமிலங்களை மட்டும் வைத்துக்கொண்டு, சிலவற்றைக் கண்ணாடிப் பிம்பங்களாக மாற்றி, எட்டு அலகுகள் கொண்ட ஆக்ட்ரியோடைடு உருவானது. அதன் அரை ஆயுள் ஒன்றரை மணி நேரம். குடல், கணையம் ஆகியவற்றில் எழும் நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகள் சோமாடோஸ்டாட்டின் ஏற்பியை மிகையாகத் தாங்கி நிற்பதால், இதற்கு நெருங்கிய உறவான ஆக்ட்ரியோடேட்டின் தலையில் டோட்டா என்ற வேதிக் கூண்டைப் பொருத்தி, அதற்குள் கதிரியக்கமுள்ள லுட்டீசியம்-177 அணுவை அடைத்துச் செலுத்துகிறார்கள். லுட்டீசியத்தின் பீட்டாக் கதிர் திசுவில் அதிகபட்சம் இரண்டு மில்லிமீட்டர்தான் பாயும். அரை ஆயுள் 6.6 நாள். 229 நோயாளிகளைக் கொண்ட நெட்டர்-1 சோதனையின் முடிவு 2017இல் வெளியானது. இருபதாவது மாதத்தில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் லுட்டீசியம் பெற்ற குழுவில் 65.2 சதவீதம், அதிக அளவு ஆக்ட்ரியோடைடு மட்டும் பெற்ற குழுவில் 10.8 சதவீதம். இறுதியில் மொத்த ஆயுளைக் கணக்கிட்டபோது 48 மாதம், 36.3 மாதம் என்ற வேறுபாடு தெரிந்தாலும், புள்ளியியல் நோக்கில் அது உறுதிப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இத்தேர்வுக்கு மற்றவற்றிடம் இல்லாத ஒரு நற்குணம் உண்டு. அதே கூண்டில் லுட்டீசியத்துக்குப் பதிலாகக் காலியம்-68 வைத்து முதலில் ஒரு பெட் ஸ்கேன் எடுத்துவிடலாம். கட்டி படத்தில் ஒளிர்ந்தால் சிகிச்சைக்குப் போகலாம்; ஒளிரவில்லையென்றால் அந்த நோயாளிக்கு இது பயன்படாது என்று அன்றே தெரிந்துவிடும். மருந்து தன் இலக்கை அடைகிறதா என்று செலுத்துமுன் கண்ணால் பார்க்க முடிகிற வாய்ப்பு புற்றுநோய் மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை. சிகிச்சை நாளில் நடப்பதும் பெப்டைடுகளின் இயல்பை நன்றாகக் காட்டும். ஒரு கையில் லுட்டீசியம் ஏறும் வேளையில், மறுகையில் லைசினும் ஆர்ஜினினும் கலந்த கரைசல் சுமார் நான்கு மணி நேரம் சொட்டிக்கொண்டிருக்கும். சிறுநீரகம் வடிகட்டிய பெப்டைடை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் பழக்கம் உடையது. அப்படி உறிஞ்சினால் கதிரியக்கம் அங்கேயே தங்கிவிடும். அந்த உறிஞ்சும் வாயில்களை வேறு அமினோ அமிலங்களால் அடைத்துவைப்பதற்குத்தான் இரண்டாவது குழாய். நோயாளிகள் கதிரியக்க மருந்தைவிட இந்தக் கரைசல் தரும் குமட்டலைத்தான் அதிகம் குறைகூறுவார்கள்.

இந்தியாவில் இவ்வழியைத் தேர்ந்தெடுப்போருக்கு ஒரு வசதி இருக்கிறது: டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா உலையிலேயே லுட்டீசியம்-177 தயாராகிறது. நஞ்சுலகத்திலிருந்தும் முகவரிகள் கிடைக்கின்றன. லியூரஸ் வகைத் தேளின் நஞ்சிலுள்ள 36 அமினோ அமில குளோரோடாக்சின் மூளைக் கட்டிச் செல்களை நாடுவதால், சியாட்டிலின் ஃபிரெட் ஹட்சின்சன் மையத்தில் ஜேம்ஸ் ஓல்சனின் குழு அதனுடன் ஒளிரும் சாயத்தை இணைத்து, அறுவை செய்யும்போது கட்டியின் எல்லையைக் காட்டும் பொருளாக மாற்றியது. கொல்லும் வேலையை அங்கே கத்தி பார்த்துக்கொள்கிறது.

ஐந்தாவதாக, செல்லுக்குள் புகுந்து ஒரு குறிப்பிட்ட புரதத்தை முடக்கும் பெப்டைடுகள். இவற்றில் பிரித்தறிவு, புற்றுச்செல் எதை நம்பி வாழ்கிறது என்பதிலிருந்து வருகிறது. எபாக்சோமைசின் என்ற நுண்ணுயிர்ப் பெப்டைடின் இலக்கு புரோட்டியாசோம், அதாவது செல்லின் பழைய புரதங்களை அரைத்துத் தள்ளும் எந்திரம், என்று 1999இல் யேல் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் குரூஸ் காட்டினார். எல்லாச் செல்களுக்கும் அந்த எந்திரம் தேவைதான். ஆனால் ஓயாமல் எதிர்ப்பொருள் புரதத்தை உற்பத்தி செய்துகொண்டிருக்கும் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயின் செல்லுக்குக் குப்பையும் அதிகம் சேர்வதால், எந்திரம் நின்றால் முதலில் மூச்சுத்திணறுவது அதுதான். அதிலிருந்து உருவான கார்ஃபில்சோமிப் 2012இல் அங்கீகாரம் பெற்றது. இதே மைலோமாவுக்கு, மத்தியதரைக் கடலில் பாறையில் ஒட்டி வாழும் ஆசிடியன் என்ற உயிரியிலிருந்து வந்த பிளிட்டிடெப்சின் பட்ட பாடு வேறு. நோய் முற்றாத காலத்தைச் சராசரியாக 1.7 மாதத்திலிருந்து 2.6 மாதமாக மட்டுமே நீட்டியதால் ஐரோப்பிய மருந்து முகமை அதை ஏற்கவில்லை. ஆஸ்திரேலியா 2018இல் ஏற்றது. அசூரின் என்ற பாக்டீரியப் புரதத்திலிருந்து ஆனந்த சக்கரவர்த்தியும் தபஸ் தாஸ் குப்தாவும் எடுத்த பி28 என்ற 28 அமினோ அமிலத் துண்டு, 15 நோயாளிகளைக் கொண்ட முதற்கட்டச் சோதனையில் பாதுகாப்பாக இருந்தும் இன்னும் மருந்தாகவில்லை. இத்தேர்வில் இலக்கு சரியாக அமைந்தால் வெற்றி பெரிது. ஆனால் இலக்கைக் கண்டுபிடிப்பதே ஒரு வாழ்நாள் வேலை. திட்டமிட்டு அதை வரவழைக்க முடியாது.

இதைப் படிக்கிறவர் ஆய்வாளராக இல்லாமல், வீட்டில் நோயாளி ஒருவரை வைத்துக்கொண்டு வழி தேடுகிறவராக இருந்தால், அவருக்கான முடிவு வேறு. மேலே சொன்னவற்றில் பிரென்டுக்சிமாப், லுட்டீசியம் டோட்டாடேட் (லுட்டீசியம் அடைத்த அந்த ஆக்ட்ரியோடேட்), கார்ஃபில்சோமிப் ஆகியவை நோயின் வகையைப் பொறுத்து மருத்துவரிடம் கேட்கத் தக்கவை. இணையத்தில் நேரடியாக விற்கப்படும் "புற்றுச்செல்லை மட்டும் கொல்லும் பெப்டைடு" எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. அப்படி விற்கப்பட்ட பிஎன்சி-27 என்ற பெப்டைடின் மாதிரியில் பாக்டீரியா கலந்திருந்ததைக் கண்டு, 2017 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை விடுத்தது. கீமோதெரபியால் வெள்ளணு குறைந்து கிடக்கும் ஒருவருக்கு அந்தக் கலப்படம் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆய்வு மாணவருக்கு என் பரிந்துரை கையிலுள்ள பெப்டைடைப் பொறுத்தது. சவ்வைத் துளைப்பதுதான் அதன் தொழில் என்றால், ரத்தக் குழாயை மறந்துவிட்டு, தோல், வாய், கருப்பைவாய் போன்ற ஊசி எட்டும் இடத்துப் புற்றுநோய் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, செல் மடிந்தபின் எச்எம்ஜிபி1 வெளியாகிறதா என்பதை முதல் ஆண்டிலேயே அளந்துவிட வேண்டும். அது வெளியாகாவிட்டால் எரித்துப் பொசுக்கும் எந்த அமிலமும் செய்யும் வேலையைத்தான் பெப்டைடும் செய்கிறது. ஏற்பி ஒன்றைப் பற்றுகிறது என்றால், கொல்லும் வீரியத்தைக் கூட்டப் பாடுபடாமல், கூண்டு ஒன்றை ஒட்டினால் பற்றுதல் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் என் கைவசம் இருந்து ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் ஏற்பியைப் பற்றும் பெப்டைடையே எடுப்பேன்; ஐசோடோப்பு உள்நாட்டிலேயே கிடைக்கிறது, பெப்டைடு எட்டுப் பத்து அலகுகளுக்குள் அடங்குவதால் தொகுப்பதும் மலிவு, தவறு நேர்ந்தால் ஒரு ஸ்கேன் படத்திலேயே தெரிந்துவிடும். எதை எடுத்தாலும் முதல் வாரத்தில் அந்தச் சிவப்பணுத் தட்டை வைத்துவிட வேண்டும். உப்புக் கரைசலில் ஒரு தட்டு, பாதி சீரம் (ரத்தம் உறைந்தபின் எஞ்சும் தெளிநீர்) கலந்து இன்னொரு தட்டு. அதே நாளில் புற்றுச்செல்களையும் அதே சீரத்தில் வைக்க வேண்டும். ஏனெனில் சீரத்தில் சிவப்பணுவைக் காப்பாற்றும் புரதம் புற்றுச்செல்லையும் சேர்த்துக் காப்பாற்றிவிடும். சீரம் இல்லாமல் எடுத்த எண்ணைப் புற்றுச்செல்லுக்கும், சீரத்துடன் எடுத்த எண்ணைச் சிவப்பணுவுக்கும் வைத்துக் கணக்கிட்ட பிரித்தறிவு விகிதங்களை ஆய்வேடுகளில் நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.